முன்னே தள்ளினால் பின்னே போகும்

1965 ஜூன் 3. ஜெமினி 4 விண்கலம் தன்னை ஏற்றிவந்த ராக்கெட்டிலிருந்து அப்போதுதான் பிரிந்திருந்தது. எரிந்து முடிந்த ராக்கெட் கட்டம் கண்ணெதிரே மிதந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஜேம்ஸ் மெக்டிவிட் அதைக் குறிவைத்தே கலத்தைச் செலுத்தினார். அது விலகியது. மறுபடி செலுத்தினார், இன்னும் விலகியது. எரிபொருள் கரைந்துகொண்டே போக, முயற்சி கைவிடப்பட்டது.

மெக்டிவிட் தேர்ந்த விமானி. சாலையிலும் வானத்திலும் பழகிய கைப்பழக்கம் அங்கே எடுபடவில்லை, அவ்வளவுதான். சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறும். மேலே உள்ள பாதை நீளம். அங்கே ஓட்டமும் மந்தம். அதனால் வேகம் கூட்டிய கலம் பின்தங்கிவிடுகிறது.

எவ்வளவு பின்தங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நிலவின் நகர்வை ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் வில்லியம் ஹில் 1878-இல் அதற்கு வித்திட்டார். விண்கலங்களின் சந்திப்புக்கு ஏற்றபடி 1960-இல் அதை வடித்துக் கொடுத்தவர்கள் குளோஹெஸியும் வில்ட்ஷயரும். பூமியை மறந்துவிட்டு, ஒரு செயற்கைக்கோளுக்குள் உட்கார்ந்து, அது அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பதுதான் அவர்களின் வழி. ஈர்ப்புவிசையின் முழுச் சமன்பாடு முரட்டுத்தனமானது. ஆனால் ஏரிக்கரை வளைந்திருந்தாலும் பத்தடி நடப்பவருக்கு அது நேர்கோடுதானே? பூமியின் மையத்திலிருந்து 6,850 கிலோமீட்டர் தள்ளிச் சுற்றும் இரு கலங்களுக்கு இடையே சில கிலோமீட்டர்தான் இடைவெளி என்றால், அதே சலுகை இங்கும் உண்டு. முரட்டுச் சமன்பாடு மூன்று எளிய வரிகளாக இளகிவிடும்.

475 கிலோமீட்டர் உயரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சுமார் 94 நிமிடம். நம் கலத்தின் கூடவே பறக்கும் துணைக்கலத்தை நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னே தள்ளுகிறோம். எறும்பு ஊரும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். 11 நிமிடத்தில் அது 43 மீட்டர் முன்னேறியிருக்கும். 45 மீட்டர் உயர்ந்தும் இருக்கும். அதோடு முன்னேற்றம் முடிந்தது. 19-ஆவது நிமிடத்தில் நம் தலைக்கு நேர் மேலே, 127 மீட்டரில் நிற்கும். சுற்று முடியும்போது பழைய உயரத்துக்கே இறங்கியிருக்கும், ஆனால் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் பின்னால்!

அதே தள்ளலை மேல்நோக்கிக் கொடுத்தால் வேறு கதை. கலம் உயரத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள ஒரு நீள்வட்டம் போட்டு, ஒரு சுற்றில் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும். இந்தச் சமன்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பக்கவாட்டில் தள்ளினால் ஊஞ்சல்போல் இருபுறமும் ஆடும். மற்ற இரண்டு திசைகளோடு அதற்குத் தொடர்பே இல்லை.

இதே 475 கிலோமீட்டர் உயரத்தில்தான், விண்ணில் ஒன்றோடொன்று இணைவதற்காக இஸ்ரோ அனுப்பிய ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் பறந்தன. 2024 டிசம்பர் 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பின. ஒவ்வொன்றும் 220 கிலோ. 225 மீட்டருக்கு நெருங்கும் கட்டத்தில் விலகல் எதிர்பார்த்ததைவிடக் கூடியதால் இணைப்பு தள்ளிப்போனது. 2025 ஜனவரி 16-இல் அவை இணைந்தன.

இணையும் வேகம் நொடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான். பின்னாலிருந்து அப்படி வரும் கலத்துக்குக் கடைசி 3 மீட்டரைக் கடக்க 5 நிமிடம் ஆகும். தள்ளிவிட்டுச் சும்மா இருந்தால், அந்த 5 நிமிடத்துக்குள் அது ஏறக்குறைய 1 மீட்டர் மேலே போய்விடும். அதனால் தொட்டுக்கொள்ளும் நொடிவரை சிறு உந்திகள் அதைக் கீழே அழுத்தியபடியே இருக்க வேண்டும்.