செட்டு பாடுது, வண்டி ஸ்டார்ட் ஆகல

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் தன் காருக்குப் பெரிய ஆண்ட்ராய்டு செட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த மூன்று நாள் கார் ஷெட்டில் நின்றது. புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. கடைக்குப் போன் போட்டால், “பேட்டரி வீக்கா இருக்கும் சார், செட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார்கள். சர்வீஸ் சென்டரிலோ, “வெளியில ஒயரை வெட்டிட்டீங்க, இனி எலக்ட்ரிகல் வாரண்டி கிடையாது” என்றார்கள். முதல் பதில் பொய். இரண்டாவது பாதி உண்மை.

செட்டுக்குப் பின்னால் ஒயர்கள் கொத்தாகத் தொங்கினாலும் வம்பு செய்பவை பெரும்பாலும் மூன்றுதான். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய லைன். கறுப்பு, எர்த். சாவி லைனைத் தேடப் பொறுமையில்லாத பையன் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவான். பாட்டு வரும், திரை எரியும், நாமும் கூலி கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சாவியை எடுத்த பிறகும் செட்டு உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். அது அரை ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்று நாள் என்பதே அதிகம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்தபின் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், செட்டைத் திட்டாதீர்கள். ஏறுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே இணைத்து, கதவைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் பொதுவாகக் கவலையில்லை. மச்சான் காரில் 640 காட்டியது. செட்டின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 20-க்கு இறங்கியது. அந்த இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னேன். (மீட்டர் நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மீட்டர் போய்விடும்.)

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘கொய்ங்’ என்ற சத்தம் ஏறினால், பெரும்பாலும் பெயிண்டைச் சுரண்டாமலே எர்த்தை முடுக்கியிருப்பார்கள். இதெல்லாம் எரிச்சலோடு போய்விடும். பயப்பட வேண்டியது ஃபியூஸ் விஷயத்தில். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று 20 போடுவதும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும் இன்னும் நடக்கிறது. ஃபியூஸ் காப்பது செட்டை அல்ல, ஒயரை. அது எரியாவிட்டால் ஒயர் எரியும், டாஷ்போர்டுக்குள், நம் கண்ணுக்குத் தெரியாமல். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தால், பேட்டரியை ஒட்டி, சுமார் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மஞ்சள் உறை போட்ட கற்றை ஏர்பேக்குடையது. அதில் டெஸ்ட் லேம்ப் குத்த யாரையும் விடாதீர்கள்.

ஒயரையே வெட்டாமல் வேலையை முடிக்கவும் வழி உண்டு. சென்னை ஜி.பி. ரோட்டில் கார் மாடலைச் சொன்னால் அதற்கேற்ற கப்ளர் எடுத்துக் கொடுப்பார்கள். கம்பெனி சாக்கெட்டில் அதைச் செருகினால் போதும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். வாரண்டி பேச்சு வரும்போது இதன் அருமை தெரியும். வாரண்டி புத்தகங்கள் வெளி ஃபிட்டிங்கால் வந்த பழுதைத்தான் பொதுவாக விலக்குகின்றன. செட்டு மாட்டியதற்காக ஏசி கம்ப்ரஸரையும் பவர் விண்டோவையும் கைகழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பாகம், எந்த ஒயரால் கெட்டது என்று ஜாப் கார்டில் எழுதிக் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பேனாவை எடுக்கத் தயங்குவார்கள்.

கடையோடு வழக்கு என்றால் ரசீதுதான் ஆயுதம். செட்டின் மாடல் அதில் இருக்கும், மாட்டிய கூலி இருக்காது. நம் பிரச்சினையோ மாட்டியதில்தான். ‘ஃபிட்டிங் ஃப்ரீ’ என்பதில் மயங்காதீர்கள்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகச் செய்யும் வேலையைச் சேவை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. விற்பனையின் பகுதிதான் அது என்று வாதாடலாம். ஆனால் நூறு ரூபாயாவது கூலி என்று எழுதி வாங்கிவிட்டால் அந்த வாதமே தேவைப்படாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஆன்லைனிலும் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

இன்சூரன்ஸை மறந்துவிடுகிறோம். வழக்கமான கார் பாலிசி எலக்ட்ரிகல் பழுதுக்குப் பணம் தராது. வெளியில் மாட்டிய செட்டு திருட்டு போனாலோ விபத்தில் நொறுங்கினாலோ பணம் வர, அதன் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும்.

மச்சானின் ரசீதில் அதிர்ஷ்டவசமாக ‘ஃபிட்டிங் 500’ என்று கிறுக்கியிருந்தது. போட்டோவைப் பார்த்ததும் கடைக்காரர் கப்ளர் போட்டு ஒயரிங்கை மாற்றிக் கொடுத்தார். பேட்டரிக்குப் பாதிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்கு மச்சான் இப்போது புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.