ஒரு கூரை, இரண்டு பள்ளிக்கூடம்



போஸ்னியாவின் சில ஊர்களில் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுதான். ஆனால் தலைமையாசிரியர் இருவர், பாடத்திட்டம் இரண்டு. போஸ்னியாக் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், குரோவாசியக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல். வாசல் ஒன்றாக இருந்தால் நேரம் வேறு: இவர்கள் காலையில் வந்தால் அவர்கள் மதியத்துக்கு மேல். 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' என்றே இந்த ஏற்பாட்டைச் சொல்கிறார்கள்.

கெட்ட எண்ணத்தில் போட்ட திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1992 முதல் 1995 வரை அங்கே போஸ்னியாக், குரோவாசிய, செர்பியத் தரப்புகளுக்கிடையே போர். சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். விரட்டப்பட்ட குடும்பங்கள் பிறகு ஊர் திரும்பியபோது, உள்ளூர்ப் பள்ளி மற்றவர் கையில் இருந்தது. வரலாற்றுப் புத்தகமும் அவர்களுடையதுதான். பிள்ளைகளை அங்கே அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. சரி, இப்போதைக்குப் பாதிக் கட்டடத்தைக் கொடுப்போம், பிறகு ஒன்றாக்கலாம் என்றார்கள். சர்வதேச அமைப்புகளும் தலையாட்டின. அந்த 'இப்போதைக்கு' இருபது வருஷத்தையும் தாண்டிவிட்டது. ஒருகட்டத்தில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன.

இந்த ஏற்பாடு ஏன் கலையவில்லை? போரை முடித்துவைத்த டேட்டன் சமாதான ஒப்பந்தத்தில் கல்வி நாட்டின் மைய அரசிடம் வரவில்லை. போஸ்னியாக்கரும் குரோவாசியரும் சேர்ந்திருக்கும் 'கூட்டமைப்பு' என்ற பகுதியில் மட்டும் பத்து கன்டோன்கள், அதாவது மாகாணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வி அமைச்சர். பள்ளி இரண்டானால் பதவியும் இரண்டு. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: பயந்துகொண்டே இருக்கிற வாக்காளர். மத்திய போஸ்னியா கன்டோனின் கல்வி அமைச்சர் 2007இல், ஆப்பிளையும் பேரிக்காயையும் கலக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இந்தப் பிரிவினை பாகுபாடுதான் என்று கூட்டமைப்பின் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தும், நடைமுறை அவ்வளவாக அசையவில்லை.

ஒரே கட்டடத்தில் வைத்துவிட்டால் பழகிவிடுவார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. மோஸ்டார் நகரின் பழைய ஜிம்னாசியம் (உயர்நிலைப் பள்ளி) போர்முனைக் கோட்டிலேயே நின்று சிதைந்த கட்டடம். 2004இல் அதன் இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே நிர்வாகம் வந்தது. மாணவர் பேரவையும் கணினி வகுப்பும் பொதுவாயின. ஆனால் பாடத்திட்டம் இரண்டாகவே தொடர்ந்தது. இதைச் சிறுமையாகப் பேச மாட்டேன்; இருந்தாலும் நடைபாதையில் தோள் உரசுவது வேறு, ஒரே பாடத்தைச் சேர்ந்து படித்து அதில் சண்டை போடுவது வேறு.

அந்த இரண்டாவது வேலையைச் செய்து பார்த்தது பிர்ச்கோ. அந்த ஊர் எந்தத் தரப்புக்கும் போகாமல் தனி மாவட்டமாக, சர்வதேச மேற்பார்வையில் இருந்தது. 2000 அக்டோபரில், பள்ளிக் கட்டடங்களைப் பகிர்வதை எதிர்த்து அங்கே மாணவர்களே தெருவில் கலவரம் செய்தார்கள். அடுத்த வருஷமே சேர்ந்து படிக்கும் சட்டம் வந்தது. செர்பிய, குரோவாசிய, போஸ்னியாக் பிள்ளைகள் ஒரே வகுப்பில், மூன்று தரப்பு ஆசிரியர்களிடமும் படித்தார்கள். மொழி, வரலாறு போன்ற சிக்கலான பாடங்களுக்குத் தனி ஏற்பாடு. லத்தீன் எழுத்து, சிரிலிக் எழுத்து இரண்டையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளத்தையும் கணிசமாக உயர்த்தினார்கள். சமாதானப் பேச்சில் சம்பளத்தை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் அது இல்லாமல் ஆசிரியர்கள் அவ்வளவு சுலபமாக ஒத்துழைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

பிர்ச்கோவில் சட்டம் மேலிருந்து வந்தது. யாய்ட்சேயில் கதையே தலைகீழ். ஆப்பிள், பேரிக்காய் பேசிய அதே கன்டோனில்தான் அந்த ஊரும் இருக்கிறது. அங்கே உயர்நிலை மாணவர்கள் கலந்தே படித்துவந்தார்கள், ஆனால் எல்லாருக்கும் குரோவாசியப் பாடத்திட்டம். போஸ்னியாக் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி திறக்கப்போவதாக 2016இல் அறிவிப்பு வந்தது. அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்தவர் எழுதிய வரலாற்றையே தன் பிள்ளை படிக்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கலாம் அல்லவா? ஆனால் இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2017இல் கன்டோன் தலைநகர் திராவ்னிக் வரை போய்க் கொடி பிடித்தார்கள். அரசு பின்வாங்கியது. மறுவருஷம் ஹேக் நகரில் அவர்களுக்கு மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் என்ற சர்வதேச விருது கிடைத்தது.

பெற்றோரின் கேள்வியையும் அந்த மாணவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. பள்ளியைப் பிரிக்காதே என்பதோடு நிற்காமல், எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடத்திட்டத்தை எழுது என்றும் கேட்டார்கள். கட்டடத்தைப் பிரிக்காமல் விட ஒரு கையெழுத்து போதும். பொதுப் பாடத்திட்டம் வேண்டுமென்றால், வரலாற்று ஆசிரியர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து 1992ஐப் பற்றி ஒரு பத்தியாவது சேர்ந்து எழுத வேண்டும்.