மண்ணின் கணக்கு – 9: பொத்தானுக்கும் ஒரு பதிவேடு

சென்ற வாரம் அகழாய்வுக் குழிக்குள் இறங்கி மண்ணடுக்குகளைப் பார்த்தோம். ஒரு பொருள் எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லிவிடும் என்று கண்டோம். இந்த வாரம் குழியே வெட்டாத இடத்துக்குப் போவோம். பல நூறு ஆண்டுகளாக ஏர் ஓடி, மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகப் புரண்டுபோன வயல். அங்கே அடுக்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. அந்த மண்ணிலிருந்து ஒரு ரோமானியக் காசோ, ஒடிந்த பெல்ட் பக்கிளோ, ஈயப் பொத்தானோ வெளியே வந்தால் அதற்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஒரு விடை கண்டிருக்கின்றன. ஏர் ஒரு பொருளை மேலும் கீழுமாகப் புரட்டும். ஆனால் பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்துப் போகாது. அடுக்கு அழிந்தாலும் இடம் அழிவதில்லை. காலத்தைப் பொருளின் வடிவமே சொல்லிவிடும். இடத்தை மட்டும் யாராவது குறித்து வைக்க வேண்டும். அதைக் குறிப்பது யார் என்பதில்தான் இருபது ஆண்டுகள் சண்டை நடந்தது.

1970-களில் மெட்டல் டிடெக்டர் மலிவாகிச் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. விடுமுறை நாட்களில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வயல்களில் தரையைத் தடவிப் போகிறவர்கள் பெருகினார்கள். தொல்லியலாளர்களின் கண்ணுக்கு அவர்கள் கொள்ளையர்களாகத் தெரிந்தார்கள். ‘எங்கள் பழமையை எடுத்துப் போகாதே’ என்று 1980-இல் ‘ஸ்டாப்’ என்ற பெயரில் ஓர் இயக்கமே நடந்தது. டிடெக்டர் விற்பனை குறையவில்லை. கிடைத்ததைச் சொல்ல வந்தவர்கள்தாம் குறைந்தார்கள். நார்ஃபோக் மாவட்டத்தில் மட்டும் காற்று வேறு திசையில் அடித்தது. அங்கிருந்த தொல்லியலாளர் டோனி கிரிகரி டிடெக்டர்காரர்களின் கூட்டங்களுக்கே போய், “கொண்டு வாருங்கள், என்னவென்று சொல்கிறேன், எங்கே கிடைத்தது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்” என்ற வழியைப் பின்பற்றினார். நார்ஃபோக்கின் பதிவேடு பெருத்தது.

சட்டமும் அப்போது ஓட்டையாகவே இருந்தது. பழைய புதையல் வழக்கப்படி, பொருள் தங்கமோ வெள்ளியோ ஆக இருக்க வேண்டும். அதைப் புதைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அது அரசுக்கு உரியது. செத்து இரண்டாயிரம் ஆண்டான ஒருவரின் எண்ணத்தை நீதிமன்றத்தில் யார் நிரூபிப்பது? சர்ரே மாவட்டத்தில் வான்பரோ என்ற ஊரில் இருந்த ரோமானியர் காலக் கோயில் இடத்தை 1980-களின் நடுவில் இரவோடு இரவாகத் தோண்டி ஆயிரக்கணக்கான காசுகளை அள்ளிப் போனார்கள். பிடிபட்டவர்கள்மீது வழக்கு நடந்தும், மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. கோயில் காணிக்கையைத் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடா ஒருவர் போடுவார்?

அந்தக் கொள்ளையின் விளைவுகளில் ஒன்று 1996-இன் புதையல் சட்டம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கொண்ட பொருளைக் கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் சந்தை விலை கிடைக்கும். வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். மறைத்தால் சிறை.

ஆனால் வயலில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. செம்பும் ஈயமும்தான். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சட்டம் தொடவில்லை. அவற்றுக்காகவே 1997-இல் ஆறு பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கி, 2003-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரிந்ததுதான் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’. இதில் கட்டாயம் கிடையாது. விருப்பம் இருந்தால் கொண்டு வந்து காட்டலாம். பதிவு முடிந்ததும் பொருள் திரும்பக் கிடைக்கும். இதற்காக மாவட்டங்களில் சுமார் 40 தொடர்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பத்தில் ஒன்பதுக்கும் மேல் கொண்டு வந்தவர்கள், ஒரு காலத்தில் கொள்ளையர் என்று ஏசப்பட்ட அதே டிடெக்டர்காரர்கள்.

பதிவு என்றால் என்ன செய்கிறார்கள்? முதல் வேலை, பொருளைக் கெடுக்காமல் இருப்பது. நம் வீட்டுச் செம்பைப் புளி போட்டு விளக்குவதுபோல் இதை விளக்கிவிட்டால் பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும்; அதனால், தேய்க்காமல் கொண்டு வாருங்கள் என்பதே அலுவலரின் முதல் வேண்டுகோள். பிறகு நீளம், அகலம், கனம் மில்லிமீட்டரில், எடை கிராமில். முழுசா, துண்டா? வார்த்ததா, அடித்ததா? மேலிருந்து கீழாக, பார்க்காதவருக்கும் உரு விளங்கும்படி ஒரு வர்ணனை. முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று அளவுகோலோடு படங்கள். ஏற்கெனவே காலம் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பீடு. கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான இடக் குறியீடு.

பிரிட்டனின் வரைபடக் கட்டத்தில் ஆறு இலக்கம் கொடுத்தால் 100 மீட்டர் சதுரம். எட்டு இலக்கம் 10 மீட்டர். பத்து இலக்கம் ஒரே மீட்டர். ஜி.பி.எஸ். கருவி இருக்கும் காலத்தில் பத்து இலக்கம் பெரிய சிரமமில்லை. ஆனால் அலுவலகக் கோப்பில் பத்து இலக்கம் இருந்தாலும் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் வரைதான் காட்டுவார்கள். கொள்ளை அபாயமுள்ள இடமென்றால் அதுவும் கிடையாது. இல்லாவிட்டால் பதிவேடே திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும்.

இனி, அலுவலரின் மேசைக்கு வரும் பொருள்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரோமானியர் காலத்தில் முதலிடம் காசுக்கு. அதிலும் 4-ஆம் நூற்றாண்டின் நகக்கண் அளவுச் செப்புக் காசுகள். கான்ஸ்டன்டைன் குடும்பத்து அரசர்களின் இந்தச் சில்லறை நமக்கும் புதியதல்ல. இதே காலத்து ரோமானியச் செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்து, காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். ஒற்றைக் காசு எதையும் சொல்லாது. ஒரு வயலின் நூறு காசுகளைக் காலவாரியாக அடுக்கினால், அங்கே எப்போது கூட்டம் சேர்ந்தது, எப்போது கலைந்தது என்பது தெரியும். ரிச்சர்ட் ரீஸ் என்ற காசியலாளர் ரோமானியப் பிரிட்டனின் காசுகளை 21 காலப் பிரிவுகளாக வகுத்தது இதற்காகத்தான். தேய்ந்து முகம் தெரியாத காசையும் அலுவலர் வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

காசுக்கு அடுத்தது ஆடையைப் பூட்டும் புரூச் ஊசி. அதன் வில்லும் சுருளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறின. துண்டாகக் கிடைத்தாலும் காலம் சொல்லிவிடலாம். எப்போதாவது ஓர் அதிசயமும் வரும். 2003-இல் ஸ்டாஃபோர்டுஷயர் மேட்டுநிலத்தில், இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு வெண்கலக் கிண்ணம் கிடைத்தது. பல நிற எனாமல் பூச்சு; விளிம்பைச் சுற்றி எழுத்து. ரோமானியர் பிரிட்டனின் வடக்கில் எழுப்பிய ஹாட்ரியன் சுவரின் மேற்குக் கோடியில் இருந்த நான்கு கோட்டைகளின் பெயர்கள் அதில் இருந்தன. வெண்கலம் என்பதால் சட்டப்படி அது புதையலே அல்ல. கண்டெடுத்தவர்கள் தாமாகக் காட்டியதால்தான் அது இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இடைக்காலத்துக்கு வந்தால் பெல்ட் பக்கிள்கள், ஈயத் தக்களிகள், முத்திரை அச்சுகள். 13-ஆம் நூற்றாண்டில் சாதாரணக் குடியானவர்கூடத் தன் பெயர் பொறித்த ஈய முத்திரை வைத்திருந்தார் என்பதற்கு இந்த அச்சுகளே சாட்சி. வெள்ளிப் பென்னியை இரண்டாகவும் நான்காகவும் நறுக்கிய துண்டுகளும் வரும். 1279-க்குப் பிறகு முதலாம் எட்வர்ட் வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியும் அடிக்கும் வரை, அந்த நறுக்குதான் ஊர்ச் சந்தையின் சில்லறை.

இடக் குறிப்பின் அருமையைக் காட்ட ஒரு பொருள் போதும்: யாத்திரை போனவர்கள் புனித நீர் கொண்டுவந்த சின்ன ஈயக் குப்பி. கோயில்களிலும் நகரங்களிலும் கிடைக்க வேண்டிய பொருள் இது. பதிவேட்டைப் புரட்டினால் நூற்றுக்கணக்கில் விளைநிலங்களில் கிடக்கிறது. வில்லியம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து, விளைச்சல் பெருக வேண்டி அந்த நீரை வயலில் தெளித்திருக்கலாம் என்று எழுதினார். எந்த ஏட்டிலிருந்தும் அல்ல, எங்கே கிடந்தது என்ற ஒற்றைத் தகவலிலிருந்து ஒரு சடங்கின் தடயம் பிடிபட்டது.

அதற்கும் பிந்திய காலத்துப் பொருள்களைத்தான் பலரும் குப்பை என்று ஒதுக்குவார்கள். துணிக் கட்டுகளில் தரச் சான்றாகத் தொங்கிய ஈய முத்திரைகள், நியூரம்பர்க் நகரில் அடித்த கணக்குக் காசுகள், துப்பாக்கிக் குண்டுகள், விரல் உறைகள், பொத்தான்கள். 1648 முதல் 1672 வரை அரசு போதுமான சில்லறை அடிக்காததால், மளிகைக்காரரும் சத்திரக்காரரும் தம் பெயரும் ஊரும் பொறித்துத் தாங்களே டோக்கன் அடித்துக்கொண்டார்கள். ஒரு டோக்கன் அடித்த ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் கடையின் சில்லறை எதுவரை செல்லுபடியானது என்று தெரியும். பொத்தான்கள் வயலுக்கு வந்த கதை வேறு. நகரத்துக் குப்பையும் கழிவும் எருவாக வண்டியேறியபோது கூடவே வந்தவை அவை. எந்த நிலம் எருவிட்டு வளர்க்கப்பட்டது என்பதற்கு அவை அடையாளம்.

இடம் குறித்தால் ஒரு நாட்டின் பெரிய கதையே நகரும் என்பதற்கு பாஸ்வர்த் போர்க்களம் சாட்சி. 1485-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட இடம் ஆம்பியன் குன்று என்று நம்பி, அங்கே பார்வையாளர் மையமும் கட்டிவிட்டார்கள். கிளென் ஃபோர்டு தலைமையில் ஒரு குழு சுற்றுவட்டார வயல்களை மெட்டல் டிடெக்டரால் வரிசை பிசகாமல் தடவி, ஒவ்வொரு பொருளையும் வரைபடத்தில் குறித்தது. ஈயப் பீரங்கிக் குண்டுகள் இருபதுக்கும் மேல் வந்தன. ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி வடிவில், தங்க முலாம் பூசிய சிறு வெள்ளிப் பதக்கம் ஒன்றும் வந்தது. இவை எல்லாம் குன்றில் இல்லை. தென்மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தன. அதே பதக்கத்தை ஒருவர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தால், அது அழகான நகை மட்டுமே.

2010-இல் சாமர்செட் மாவட்டத்தின் ஃபுரோம் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவருக்கு ஒரு பானை நிறைய ரோமானியக் காசு கிடைத்தது. அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அலுவலரைக் கூப்பிட்டார். தொல்லியலாளர்கள் பானையை அடுக்கடுக்காகக் காலி செய்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். காலத்தால் கடைசியான, கராசியஸ் என்ற அரசரின் காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப் பாதியில் இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் என்றால் புதுக் காசு மேலே அல்லவா இருக்கும்? எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஆர்வத்தில் அவரே அள்ளியிருந்தால் காசு கிடைத்திருக்கும், இந்த உண்மை கிடைத்திருக்காது.

எல்லோரும் கிரிஸ்ப் ஆகிவிடவில்லை. 2015-இல் ஹெரிஃபோர்டுஷயரில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து வெள்ளிக் குவியலை எடுத்த இருவர் சொல்லாமல் விற்றார்கள். சுமார் 300 காசுகளில் வழக்கின்போது மீட்கப்பட்டிருந்தவை 30 சொச்சம். 2019-இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஆல்ஃபிரடும் அண்டை நாட்டு மன்னரும் நட்பாக இருந்ததைக் காட்டும் அரிய காசுகள் அவை; மீதியில் பெரும்பகுதி எங்கே என்று தெரியவில்லை. சட்டத்தின் ஓட்டையும் இருந்தது. 2010-இல் கம்பிரியாவில் கிடைத்த முகமூடி வடிவ ரோமானியக் குதிரைவீரர் தலைக்கவசம் வெண்கலம் என்பதால், ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்த் தனியார் கைக்குச் சென்றது. 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் கலந்த, தனிச்சிறப்புள்ள பொருளையும் புதையலாகச் சேர்க்கும் திருத்தம் 2023-இல்தான் வந்தது.

பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வரைபடத்தில் புள்ளிகள் குவிந்திருப்பது ரோமானியர் வாழ்ந்த இடத்தை மட்டுமல்ல, டிடெக்டர்காரர் அனுமதி பெற்று நடந்த இடத்தையும் காட்டுகிறது. புல்வெளி, காடு, நகரம், பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகியவை வெறுமையாகத் தெரியும். ஆணியும் கத்தியும் எரிச்சலூட்டும் என்று பலர் இரும்பின் ஒலியைக் கருவியில் அடக்கிவிடுவதால், அக்கால மக்கள் இரும்பே தொடாதவர்கள் போல ஒரு தோற்றமும் வரும். பானை ஓடும் எலும்பும் கருவிக்குக் கேட்காது. இவ்வளவு குறையும் சேர்த்துச் சொல்கிறேன்: பூட்டி வைத்த நிபுணத்துவத்தைவிட, திறந்து வைத்த பதிவேடு வரலாற்றுக்கு அதிகம் தந்திருக்கிறது.

நம் நாட்டில் கதை தலைகீழ். இங்கிலாந்து தனக்கென்று எழுதப்பட்ட புதையல் சட்டத்தை 1996-இல் இயற்றியது. இந்தியாவுக்கு ஆங்கிலேய அரசு 1878-லேயே இயற்றிவிட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. என்ன கிடைத்தது என்பதோடு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்றும் எழுதச் சொல்கிறது அது. ஆகவே வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, வாய்க்கால் வெட்டும்போதோ பழங்காசோ மணியோ கண்ணில் பட்டால், விளக்காதீர்கள், விற்காதீர்கள், மேலும் தோண்டாதீர்கள். சர்வே எண்ணையும் தேதியையும் அப்போதே எழுதிவைத்து, கலெக்டருக்குத் தெரிவியுங்கள்.

(தொடரும்)