கையால் வரைந்ததா, கம்ப்யூட்டர் செய்ததா? - கோகு மோதும் ஒரு கேமின் கதை!

2018 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உள்ள மாண்டலே பே அரங்கம். பெரிய பெரிய குத்துச்சண்டை வீரர்கள் மோதிய இடம் அது. அன்றும் அங்கே சண்டைதான். ஆனால், மேடையில் இருந்தவர்கள் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. விரல்கள் மட்டும்தான் வேலை செய்தன.

ஒரு பக்கம் அமெரிக்காவின் டொமினிக் மெக்லீன். வயது 20. 'சோனிக்ஃபாக்ஸ்' என்றால்தான் கேம் ரசிகர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம் ஜப்பானின் கோஇச்சி கிஷிடா. இவருக்குப் பட்டப்பெயர் 'கோ ஒன்'. சண்டை கேம்களின் உலகக் கோப்பை போலக் கொண்டாடப்படும் 'ஈவோ' போட்டியின் இறுதிச் சுற்று அது. அந்த ஆண்டு ஈவோவில் அதிகம் பேர் பெயர் கொடுத்திருந்த கேமும் இதுதான். 2,500 பேருக்கு மேல்!

அந்த கேமின் பெயர் 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்'. 'டிராகன் பால் இஸட்' தொடரை நினைவுபடுத்த, பெயரின் கடைசி எழுத்தாக 'இஸட்'டை வைத்திருப்பார்கள். வெளிவந்து ஏழு மாதம்கூட ஆகாத ஒரு கேமுக்கு ஏன் இத்தனை கூட்டம்?

குரங்கு வால் பையன்

கதை 1984-ல் ஆரம்பிக்கிறது. ஜப்பானின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் அகிரா தோரியாமா என்ற ஓவியர் 'டிராகன் பால்' என்ற படக்கதையைத் தொடங்கினார். சீனாவின் பழைய நாவலான 'மேற்கு நோக்கிய பயண'த்தில் வரும் குரங்கு அரசன்தான் கோகுவுக்கு மூலம். அதனால்தான் சின்ன வயது கோகுவுக்கு வால் உண்டு, கையில் தடி உண்டு, ஏறிப் பறக்க மேகமும் உண்டு.

கதை 1995 வரை, 519 அத்தியாயங்கள் ஓடியது. 1986-ல் அது டி.வி-க்கு வந்தது. 'டிராகன் பால் இஸட்' மட்டுமே 291 எபிசோடுகள். கோகு மஞ்சள் முடியோடு கத்தும் காட்சியை, தொடரைப் பார்க்காதவர்கள்கூட எங்காவது ஒரு மீமில் பார்த்திருப்பார்கள்.

இப்படி ஒரு தொடர் ஜெயித்தால் கேம்கள் வராமல் இருக்குமா? டஜன் கணக்கில் வந்தன. ஆனாலும் ரசிகர்களுக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. முப்பரிமாணத்தில் செய்த கோகு, பல கேம்களில் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிந்தான். தோரியாமாவின் பேனா கீறிய அந்தக் கூர்மையான கோடு அதில் இல்லை.

வழவழப்பு வேண்டாம்!

இந்தக் குறையைத் தீர்த்தது 'ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ்'. யோகோஹாமாவில் இருக்கும் நிறுவனம். 'கில்டி கியர்' என்ற சண்டை கேம் வரிசையால் பெயர் பெற்றது. அந்த வரிசையில் 2014-ல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'யைப் பார்த்தவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்கள். அச்சு அசலாகக் கையால் வரைந்த கார்ட்டூன். கேமரா சுற்றும்போதுதான் அது முப்பரிமாண உருவம் என்று புரிந்தது.

எப்படிச் செய்தார்கள்? விடை கொஞ்சம் வேடிக்கையானது. கம்ப்யூட்டர் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை, செய்யாதே என்று நிறுத்திவிட்டார்கள்.

பொதுவாக முப்பரிமாண அனிமேஷனில், கை மடங்கிய நிலை ஒன்று, நீட்டிய நிலை ஒன்று கொடுத்தால் போதும். நடுவில் வரும் அசைவை கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். அசைவு எண்ணெய் பூசினாற்போல வழுக்கிக்கொண்டு போகும். ஆனால், டி.வி அனிமே அப்படி இருக்காது. அங்கே ஒரு விநாடிக்கு எட்டோ பன்னிரண்டோ ஓவியங்கள்தான் இருக்கும். ஒரு படம் சற்று நின்று, அடுத்த படத்துக்குத் தாவும். அந்தத் தாவலில்தான் குத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே, நடுவில் நிரப்பும் வேலையை கம்ப்யூட்டரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஒவ்வொரு நிலையையும் கலைஞர்களே கையால் அமைத்தார்கள். குத்து பார்ப்பவரை நோக்கி வந்தால் முஷ்டியைப் பெரிதாக்கினார்கள். முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைக்கூட விளக்கின் கணக்குக்கு விடவில்லை. ஓவியர் எங்கே கறுப்பு மை வைப்பாரோ அங்கேயே விழும்படி சரிசெய்தார்கள்.

இந்த உத்தியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜுன்யா மோட்டோமுராதான் 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்' கேமின் இயக்குநர். பண்டாய் நாம்கோ நிறுவனம் வெளியிட, 2018 ஜனவரியில் கேம் வந்தது. இதற்காகவே தோரியாமா 'ஆண்ட்ராய்டு 21' என்ற புதிய பாத்திரத்தையும் வடிவமைத்துக் கொடுத்தார்.

அடித்தால் ஏழு பந்து

ஒருவருக்கு மூன்று வீரர்கள். எதிரிலும் மூன்று பேர். ஒருவர் அடி வாங்கிக் களைத்தால் இன்னொருவரை உள்ளே இறக்கலாம். தொடக்கத்தில் 24 வீரர்கள் இருந்தார்கள். பிறகு சேர்த்ததோடு 44 ஆனது.

புதிதாக விளையாடுபவரும் பயப்பட வேண்டாம். ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலே அழகான தொடர் அடி விழும். சிறுவன் முதல் நாளிலேயே கோகுவின் 'கமேஹமேஹா'வை விட்டுப் பார்த்துவிடலாம். அதே சமயம், தேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகினாலும் தீராத நுணுக்கங்களும் உள்ளே இருக்கின்றன.

கதையில் ஏழு டிராகன் பந்துகளைச் சேர்த்தால் ஷென்ரான் என்ற டிராகன் வந்து வரம் தரும் இல்லையா? இங்கேயும் அப்படியே. தொடர் அடிகளால் ஏழு பந்துகளும் சேர்ந்து, சக்தியும் நிரம்பியிருந்தால் ஷென்ரானைக் கூப்பிடலாம். விழுந்த வீரனை உயிரோடு எழுப்பு என்றுகூடக் கேட்கலாம்!

இன்னொரு ரகசியமும் உண்டு. குறிப்பிட்ட இருவர், குறிப்பிட்ட களத்தில் மோதி, கடைசி அடி சரியாக விழுந்தால், தொடரில் வந்த அதே காட்சி திரையில் விரியும். நமெக் கிரகத்தில் கோகுவும் ஃப்ரீசாவும் மோதும் காட்சி அதில் ஒன்று. பாவப்பட்ட யம்சா குழிக்குள் சுருண்டு கிடக்கும் புகழ்பெற்ற கோலத்தையும் விடவில்லை.

கோகுவுக்கு வயது 81

கேமில் கோகு கத்தும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஜப்பானிய மொழியில் அந்தக் குரல் ஓர் ஆணுடையது அல்ல. மசாகோ நோசாவா என்ற பெண்மணியுடையது. 1986-ல் சின்னப் பையன் கோகுவுக்குப் பேச வந்தவர். பையன் வளர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளை பெற்றான். குரலை மட்டும் மாற்றவே இல்லை. கோகுவின் மகன் கோஹானுக்கும், அப்பா பார்டாக்குக்கும் அவரே குரல். கேம் வெளியானபோது அவருக்கு வயது 81.

இடம் மாறிய இருவர்

மறுபடியும் லாஸ் வேகாஸுக்கு வருவோம். ஈவோவில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே போக வேண்டும். ஏற்கெனவே ஒரு தோல்வியோடு இறுதிக்கு வந்திருந்த கோ ஒன், தோல்வியே காணாமல் வந்த சோனிக்ஃபாக்ஸை முதல் சுற்றில் வீழ்த்தினார். இப்போது இருவருக்கும் ஒவ்வொரு தோல்வி. அடுத்த சுற்றுதான் முடிவு.

அப்போது சோனிக்ஃபாக்ஸ், இருவரும் உட்காரும் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஆட்டம் சற்று நின்றது. எதிராளியின் வேகத்தை உடைக்கச் செய்த தந்திரம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அவர் உரிமை என்றார்கள் சிலர். பக்கம் மாறிய பிறகு சோனிக்ஃபாக்ஸ் ஜெயித்தார். கோப்பை அவருக்கே.

அடுத்த ஆண்டு, 2019 ஈவோ. மறுபடியும் அதே கேம், அதே இருவர், அதே இறுதிச் சுற்று. இந்த முறை கோ ஒன் ஜெயித்தார்.

கொரோனா வைத்த சோதனை

2020-ல் அரங்கங்கள் மூடின. எல்லோரும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் விளையாட வேண்டிய நிலை. அங்கேதான் இந்த கேமின் பலவீனம் தெரிந்தது.

இந்த கேம் விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். அந்த 60-ல் இரண்டு, மூன்று தவறினாலே அடி விழுந்துவிடும். ஆனால், ஆன்லைனில் எதிராளி அழுத்திய பட்டனின் செய்தி வந்து சேரும்வரை கேம் காத்திருக்கும். இணையம் கொஞ்சம் தடுமாறினால் கோகுவும் தடுமாறுவான். கலைஞர்கள் ரசித்து வைத்த 'நிற்றல்' அழகு. இணையம் கொண்டுவந்த 'நிற்றல்' எரிச்சல்.

இதற்கு 'ரோல்பேக்' என்று ஒரு வழி உண்டு. எதிராளி என்ன செய்வார் என்று கேமே ஊகித்துக்கொண்டு ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பினால், கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். ரசிகர்கள் இதைக் கேட்டு ஓயவில்லை. 2022 ஈவோ மேடையில் தயாரிப்பாளர் டொமோகோ ஹிரோகி, அது வரப்போகிறது என்று அறிவித்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. நான்கு வருடப் பழைய கேமுக்கு! 2023-ல் விற்பனை ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ரோல்பேக் 2024-ல் கைக்கு வந்தது.

அதே 2024-ல், மார்ச் 1-ம் தேதி அகிரா தோரியாமா காலமானார். வயது 68. ஒரு வாரம் கழித்து செய்தி வெளியானபோது உலகமெங்கும் ரசிகர்கள் கலங்கினார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இந்த கேமை விளையாடினால் பெற்றோருக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 13 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல் என்று இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வயது சரியாக இருந்தால், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தோற்றுத்தான் போவீர்கள். ஆட்டத்தின் நடுவே ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். திரையில் நிற்கும் கோகு, தோரியாமாவின் பேனாவிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவன் போல இருப்பான்.