பெல்லின் பொன்மஞ்சள் கவுன்

1991-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ அனிமேஷன் படத்தில் பெல் அணிந்து ஆடும் பொன்மஞ்சள் கவுன் நினைவிருக்கிறதா? அதைப்போல மகளுக்குத் தைக்க ஆசையா?

பாவாடைப் பகுதியை முழு வட்டமாக வெட்டுங்கள். இடுப்பளவை 6.28-ஆல் வகுத்தால் நடுவட்டத்தின் ஆரம் கிடைக்கும். இடுப்பு 25 அங்குலம் என்றால் ஆரம் 4 அங்குலம். உள்ளே சுருக்கம் வைத்த நெட் பாவாடை இருந்தால்தான் கவுன் குடைபோல் விரிந்து நிற்கும்.

விளிம்பை மடித்துத் தைக்க மட்டும் அவசரப்படாதீர்கள். வட்டமாக வெட்டிய துணி, இழை சாய்வாக ஓடும் இடங்களில் தன் எடையாலேயே இறங்கும். ஓர் இரவு தொங்கவிடுங்கள். மறுநாள் பிள்ளைக்கு அணிவித்து, தரையிலிருந்து ஒரே உயரம் அளந்து, மிச்சத்தை வெட்டித் தையுங்கள். அவள் சுழலும்போது விளிம்பும் சீராகச் சுழலும்!