நகர வானைப் படமெடுக்க எந்த வடிகட்டி?

மார்கழி மாத இரவு ஒன்றில் மொட்டை மாடியிலிருந்து ஓரியன் விண்மீன் குழுவைப் பாருங்கள். அந்த வேட்டைக்காரனின் இடைக்கச்சையில் வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றையொட்டித்தான் புகழ்பெற்ற குதிரைத்தலை நெபுலாவும், அதற்குப் பின்னணியாக ஒளிரும் செந்நிற வாயு முகிலும் இருக்கின்றன. ஆனால் நகரிலிருந்து காமிராவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் வெளிறிய படலமே பதிவாகும். காற்றிலும் தூசியிலும் சிதறிய விளக்கொளி, முகிலின் மெல்லொளியை மூழ்கடித்துவிடுகிறது. இதற்குப் பயன்படும் குறும்பட்டை வடிகட்டிகளின் விலை அதிகம். எனவே வாங்குமுன் அவற்றின் இயற்பியலை அறிவது நன்று.

வடிகட்டி ஒளியைக் கூட்டுவதில்லை, கழிக்கவே செய்கிறது. எதைக் கழித்தால் நமக்கு நட்டமில்லை என்பதே கேள்வி.

1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், டிராக்கோ குழுவிலுள்ள நெபுலா ஒன்றை நிறமாலைக் கருவியால் நோக்கினார். தொடர் நிறமாலைக்குப் பதிலாகச் சில ஒளிர்வரிகளே தெரிந்தன. நெபுலா என்பது ஒளிரும் வாயு என்பது இதனால் விளங்கியது. 500.7, 495.9 நானோமீட்டரில் உள்ள பச்சை வரிகள் இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுக்குரியவை என்று 1927-இல் ஐரா போவன் காட்டினார். ஹைட்ரஜனின் சிவப்பு வரியான ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் உள்ளது.

தெருக்களில் சோடிய ஆவி விளக்குகள் மிகுந்திருந்தபோது, மஞ்சள் பகுதியை மட்டும் அடைத்தாலே ஓரளவு பயன் கிட்டியது. வெள்ளை எல்.இ.டி. விளக்கோ நீலம் முதல் சிவப்பு வரை தொடர்ச்சியாக ஒளி தருகிறது. அதில் தனியாக அடைக்கத்தக்க நிறம் ஏதுமில்லை. ஆகவே விளக்கை அடைப்பதை விட்டு, முகிலின் வரியை மட்டும் உள்ளே விடுவதே வழி.

கட்புலனாகும் ஒளி சுமார் 300 நானோமீட்டர் அகலமுடையது என்க. 3 நானோமீட்டர் அகலமுள்ள வடிகட்டி, சீராகப் பரவிய வான ஒளியில் நூற்றில் ஒரு பங்கையே விடும். ஹைட்ரஜன் வரியோ பெரும்பாலும் முழுமையாக வந்து சேரும். 12 நானோமீட்டர் வடிகட்டியில் 4 மணி நேரம் தேவைப்படும் தெளிவு, வான ஒளியே மிகுந்துள்ள இடத்தில் 3 நானோமீட்டர் வடிகட்டியில் ஏறக்குறைய 1 மணி நேரத்தில் கிடைக்கும்.

அப்படியானால் மிகக் குறுகியதே சிறந்ததா? அன்று. இவை மெல்லிய படலங்களில் நிகழும் குறுக்கீட்டு விளைவால் இயங்குபவை. ஒளி சாய்ந்து விழுந்தால் இவற்றின் பட்டை நீல நிறப் பக்கம் நகரும். எஃப்/5 தொலைநோக்கியில் விளிம்புக் கதிர் சுமார் 6 பாகை சாய்கிறது. நகர்வு 1 நானோமீட்டருக்கும் குறைவு. எஃப்/2 லென்சில் சாய்வு 14 பாகை. நகர்வு ஏறக்குறைய 5 நானோமீட்டர். அங்கே சாதாரண 3 நானோமீட்டர் வடிகட்டி, விளிம்புக் கதிர்கள் கொண்டுவரும் நெபுலா ஒளியையே தடுத்துவிடும்! அத்தகைய லென்சுக்கென நகர்வைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டதையோ, சற்று அகலமானதையோ தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, காமிராவைக் கவனியுங்கள். கறுப்பு-வெள்ளை உணர்வியாயின் முதலில் ஹைட்ரஜன்-ஆல்ஃபா, பிறகு ஆக்சிஜன் எனத் தனித்தனியே வாங்கலாம். வண்ணக் காமிராவில் நான்கு புள்ளிகளில் ஒன்றே சிவப்பை உணரும். அதற்கு இரு வரிகளையும் ஒருசேர விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி சிக்கனமானது. சாதாரணக் காமிராக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் கண்ணாடி, 656.3 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கிறது என்பதையும் மறவாதீர்கள். அதை மாற்றாமல் ஹைட்ரஜன் வடிகட்டி வாங்குவதில் அதிகப் பயனில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ரோமீடா போன்ற விண்மீன் திரள்களின் ஒளி பெரும்பாலும் விண்மீன்களின் தொடர் ஒளியே, எல்.இ.டி. ஒளியைப் போலவே எல்லா நிறங்களிலும் பரவியது. வடிகட்டி இரண்டையும் ஒன்றாகவே கழித்துவிடும். அவற்றுக்கு இருண்ட வானம் தேவை. அதைக் கண்ணாடிச் சில்லு தராது. விளக்கின் மேற்புறத்தை மூடி, ஒளியைத் தரைக்குத் திருப்பினால் ஓரளவு திரும்பப் பெறலாம்.