ஒட்டுநாடாவில் ஒரு பெயர்

வானொலியைப் போட்டால் உடனே பாடாது. உள்ளேயிருக்கும் வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை மூத்த சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். மின்கிற்றார் வாசிப்போரில் பலர் இன்றும் அதே வால்வுகள் கொண்ட அம்பிளிபயரையே நாடுகிறார்கள். சத்தத்தைக் கூட்டக் கூட்ட வால்வு திணறும். தெளிந்த நாதம் கரகரத்துத் தடிக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் மதிப்பு!

அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் செய்த 'பாஸ்மன்' அம்பிளிபயரில், பின்புறம் திறந்த பெட்டிக்குள் 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு இருந்தன. துலக்கமான ஒலி. 1960களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையினர் அதன் மின்சுற்றைப் பின்பற்றியே தமது முதல் அம்பிளிபயரைச் செய்தனர். ஒலிபெருக்கிகளை 12 அங்குலமாக்கிப் பெட்டியை மூடினார்கள், ஒலி கனத்தது. 1965இல் 100 வாற்று வலுவுடனும் செய்தார்கள்.

இரண்டில் எது சிறந்தது என்று ஆண்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஆனால் பழைய ஃபெண்டர் அம்பிளிபயரின் உள்ளே பார்த்தால், ஒட்டுநாடாத் துண்டொன்றில் 'லில்லி' என்றோ 'லூப்பே' என்றோ கையால் எழுதியிருக்கும். கம்பி வெட்டி, ஈயம் பற்றவைத்து, இணைப்புகளைச் செய்த பெண்கள் அவர்கள். பலர் மெக்சிக்கோ வம்சாவளியினர். வெறும் முதற்பெயர், அதுவும் மூடிக்கு உள்ளே.

அதே நிறுவனத்தில் 1956இல் சேர்ந்த அபிகெய்ல் இபாரா, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்களுக்கு மயிரிழைபோன்ற செப்புக்கம்பி சுற்றினார். ஓய்வுபெற்றது 2013இல்! பிற்காலத்தில் அவருடைய பெயராலேயே அச்சுருள்கள் விலைபோயின. லில்லிகளுக்கு அது வாய்க்கவில்லை. பழைய அம்பிளிபயர் வாங்குவோரில் சிலர் இப்போது அந்த நாடாத் துண்டையும் தேடுகிறார்கள்.